பகல் அவருக்கு, ராத்திரி எனக்கு

நாக்பூர் லாரியில் டிரைவராகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன் பதினோரு வருஷம் கரும்பு லாரி ஓட்டினேன். நல்லூர்ப் பக்கம் வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போவேன். ஆலை வாசலில் வரிசையில் நிற்பேன். இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு என் பாயில் படுப்பேன். அரவை முடிந்துவிட்டால் நான்கைந்து மாதம் வேலை இருக்காது. வேலையில்லாத ஆண்பிள்ளை பகலில் வீட்டில் படுத்துக் கிடந்தால் மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்படிச் சுற்றிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு போன என் மனைவி, ஒருநாள் குடத்தை இறக்காமலேயே சொன்னாள்.

"விருத்தாசலத்துல பீங்கான் லோடு ஏத்தற லாரிக்கு டிரைவர் தேடறாங்களாம். ஒரு எட்டு போயி பாத்துட்டு வாங்களேன்."

போனேன். முதலாளிக்கு மூன்று லாரிகள். ஜங்ஷன் ரோட்டில் ஒரே ஒரு அறைதான் ஆபீஸ். என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரும்பு ஓட்டுனவனா? கரும்பு ஒடஞ்சா ஒருத்தனும் கேக்க மாட்டான். இது பியூஸ் கட்டை, இன்சுலேட்டரு. பள்ளத்துல உட்டு எடுத்தியானா அங்க போயி சல்லிதான் எறக்கணும். தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது.

லாரியில் கிளீனர் கிடையாது. இரண்டு டிரைவர் மட்டும். இன்னொருவர் அந்த முதலாளியிடம் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை தவிர வேறு போட மாட்டார். நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். பீங்கான் கம்பெனி வாசலில், வைக்கோல் வைத்து அடுக்கிய மரப்பெட்டிகளை ஆட்கள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் எனக்கு விதியைச் சொல்லிவிட்டார்.

"பகலு எனக்கு, ராத்திரி ஒனக்கு. புதுசா வர்றவன்தான் ராத்திரி ஓட்டணும். எல்லா லாரியிலயும் அதான் வழக்கம்."

எனக்கு எந்த லாரியின் வழக்கமும் தெரியாது. சரிங்கண்ணே என்றேன்.

கிளம்பும் நாளில் மனைவி எலுமிச்சை ஊறுகாயும் இரண்டு லுங்கியும் ஒரு தலையணையும் பையில் வைத்துக் கொடுத்தாள். தலையணை எதற்கு என்று கேட்டேன். "தூங்க மாட்டீங்களா?" என்றாள். அந்த வேலையில் நான் கற்ற முதல் விஷயம், தூங்குவதற்குத் தலையணை மட்டும் போதாது என்பதுதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு பலகை. அதற்குக் கீழே இன்ஜின் சூடு. விடிய விடிய ஓட்டிவிட்டு வெயில் ஏறும் நேரத்தில் அதில் போய்ப் படுத்தால், உடம்பு படுத்திருக்கும், கால் மட்டும் கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு முறை செத்துப் பிழைப்பேன். முதுகு வியர்வையில் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் அவர் காலைத் தட்டி எழுப்பும்போது, படுத்தபோது இருந்ததைவிட அதிகக் களைப்போடு எழுந்திருப்பேன்.

கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தப்பூர், கர்நூல், ஹைதராபாத். ஊர்ப் பெயர்களாகத்தான் எனக்கு அவை தெரியும். ஊர் எதையும் நான் பார்க்கவில்லை. எல்லா ஊரும் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டீக்கடை, ஒரு செக்போஸ்ட். மூன்று வேளையும் லாரி ஓரத்தில் ஸ்டவ் வைத்துச் சமைத்தோம். அண்ணன் நன்றாகச் சமைப்பார். அவர் புளிக்குழம்பு வைத்தால் பக்கத்து லாரிக்காரன் கிண்ணத்தோடு வருவான். ஓட்டுவதும் அப்படித்தான். கியர் மாற்றுவது காதில் விழாது. "இன்னம் கொஞ்ச தூரம் போனா ஒரு எறக்கம், அதுக்கு அப்பறம் பாலம்" என்பார். சொன்ன இடத்தில் பாலம் இருக்கும். இவ்வளவு மனப்பாடமாக ஒரு மனிதர் ரோட்டை வைத்திருக்கிறாரே என்று முதலில் அதிசயப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஹைதராபாத்தைத் தாண்டி நிர்மல் மலை ஏறுவதற்கு முன்னால், நான் பலகையில் கிடந்தேன். திடீரென்று லாரி குலுங்கி நின்றது. வெளியே ஆட்கள் கத்தும் சத்தம். எழுந்து பார்த்தால் எங்களுக்கு முன்னால் ரோடே இல்லை. அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் நாலுவழிச் சாலை வேலை. அங்கே ஒரு சிறுபாலத்தைப் பாதி கட்டி விட்டுவைத்திருந்தார்கள். முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் இடம் இருந்தால் அதிகம்.

அண்ணன் வேர்த்திருந்தார். "ஒரு போர்டு வெக்க மாட்டானுங்களா? இவனுங்கள என்னா சொல்றது?" என்று சத்தம் போட்டார்.

நான் இறங்கி, பின்னால் நின்று கை காட்டி லாரியைப் பின்னுக்கு எடுக்க வைத்தேன். இருநூறு அடி பின்னால் வந்ததும் பார்த்தேன். கதவு அகலத்துக்கு ஒரு போர்டு நட்டுவைத்திருந்தார்கள். அதில் எழுத்தே கிடையாது. கறுப்புத் தகட்டில் மஞ்சளாக ஒரு அம்புக்குறி, இடப்பக்கம் பார்த்து. குருடனைத் தவிர எவனும் அதைத் தாண்டிப் போக மாட்டான்.

அவர் பக்கத்துக் கதவருகே போய் நின்றேன். "அண்ணே, அந்தப் போர்டுல என்னா எழுதியிருக்குது?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தியில என்னாவோ எழுதி வெச்சிருக்கான். நமக்கு எங்க புரியுது?"

மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. போன் அடித்தால் "யாருன்னு பாரு" என்று என்னிடம் நீட்டியது. டீ டம்ளரை எடுக்கும்போது முதலில் மேஜையைத் தடவியது. சாயங்காலம் வெயில் முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் அவசரமாக என்னை எழுப்பிவிட்டது.

"எறங்குங்கண்ணே, நான் ஓட்டறேன்" என்றேன். இறங்கி, லாரியின் முன்பக்கத்தைக் கையால் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். மலை ஏறி இறங்கினோம். இறக்கம் முடிந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமா இப்பிடித்தான் தம்பி. எடது கண்ணுல பொகை மண்டுன மாதிரி. வலது கண்ணும் இப்ப அப்பிடி ஆவுது. ராத்திரி எதிர்ல வண்டி வந்தா லைட்டு மத்தாப்பு மாதிரி செதறிப்போவுது. பகல்ல ஓட்டிருவேன். ரோடு எனக்குத் தெரியும்."

"புது ரோடு போடறானே அண்ணே."

அதற்கு அவர், எனக்கு முன்னால் இருந்த டிரைவரைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அவன் எங்கேயும் போகவில்லை, உளுந்தூர்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான் என்று அண்ணனே சொன்னார்.

அங்கிருந்து நாக்பூர்வரை பகலும் நான்தான், ராத்திரியும் நான்தான். ஒரு பெட்டியும் உடையாமல் இறக்கினோம். திரும்பி வரும்போது ஆதிலாபாத்தில் பருத்தி லோடு. சேலத்துப் பக்கம் ஒரு மில்லுக்குப் போக வேண்டும். லோடு ஏற்றும் இடத்திலாவது படுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆதிலாபாத்தில் பருத்தி அரைக்கும் மில் வாசலில் முப்பது லாரி வரிசையில் நின்றது. அரைமணிக்கு ஒரு தடவை முன்னால் இருக்கும் லாரி ஒரு லாரி நீளம் நகரும். நகராவிட்டால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான். அண்ணன் "நீ படு, நான் நகத்தறேன்" என்றார். பத்தடி நகர்த்தக்கூட லாரியை அவரிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒன்றரை நாள் அப்படி உட்கார்ந்தே போனது. காற்றில் பஞ்சு பறந்து வந்து புருவத்தில் ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட ரொம்ப வருஷம் சொல்லவில்லை.

லோடு ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட்டி, மறுநாள் முற்பகலில் கர்நூலைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். நேர் ரோடு. இரண்டு பக்கமும் காய்ந்த நிலம், கல், வேலமரம். வெயில் தாரின் மேல் தண்ணீர் மாதிரி ஓடியது. இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் நான் தூங்கிவிட்டேன் என்பதே எனக்குத் தெரிந்தது. திருப்பி ரோட்டில் ஏற்றினேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் இறங்கினேன். ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அங்கேயே ஒரு மணி நேரம் தூங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் மில்லில் நிற்க வேண்டும் என்று முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். முதல் லோடிலேயே தாமதம் என்று பெயர் வாங்க எனக்குப் பயம்.

"ஒரு மணி நேரம் எங்கிட்ட குடு தம்பி" என்றார் அண்ணன். "நேர் ரோடுதான். நீ பக்கத்துல குந்திக்கினு சொல்லு. எதுனா வந்தா சொல்லு, போதும்."

கொடுத்தேன். அவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தே கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் என் எதிரில் எமனே வந்து நின்று கேட்டிருந்தாலும் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச தூரம் சொல்லிக்கொண்டு வந்தேன். "சைக்கிளுண்ணே." "மாடு, மாடு, ஓரமாதான் போவுது." பிறகு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

டமார் டமார் என்று தகரம் அடிபடும் சத்தம். பிரேக் போட்ட வேகத்தில் என் நெற்றி கண்ணாடியில் மோதியது. லாரி கோணலாக நின்றது. புழுதி அடங்கியதும் பார்த்தேன். சாலை வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி வரிசையாக வைத்திருந்த தார் டிரம்களில் ஐந்தாறை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்திருந்தோம். சிவப்புத் துணி பிடித்திருந்த ஆள் துணியைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்திருந்தான். ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் சட்டியும் கையுமாக ரோட்டின் அந்த ஓரத்தில் கும்பலாக நின்றார்கள். எண்ணினேன். பதினொரு பேர். முன்பு எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாததால் அந்த எண்ணிக்கையில் எனக்கு நிம்மதி வரவில்லை. இறங்கிக் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தேன்.

அடியில் தூக்குச்சட்டிகள் கிடந்தன. டிரம் நிழலில் அந்தப் பெண்கள் மதியத்துக்கு வைத்திருந்த சாப்பாடு. எல்லாம் தகடாக நசுங்கி, சோறும் மிளகாய்த் துவையலும் தாரோடு சேர்ந்து அரைபட்டிருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் அவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தெலுங்கில் கத்தினார்கள். எனக்கு அந்த ஒரு வாரத்தில் தெரிந்திருந்த தெலுங்கு, தண்ணீருக்கு நீள்ளு, டீ, லேது. இல்லை என்பதற்கு லேது. அவர்களில் மூத்தவள் போல இருந்த ஓர் அம்மாள், தலையில் சும்மாட்டுத் துணியோடு, என் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டாள். அதில் கள்ளு என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. கள்ளு குடித்துவிட்டு ஓட்டுகிறாயா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பழியை மட்டும் என்னால் தாங்க முடியாது. நான் குடிப்பதே இல்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு உரக்கச் சொன்னேன்.

"கள்ளு லேதும்மா! சத்தியமா கள்ளு லேது! ரெண்டு பேருக்குமே கள்ளு லேது!"

எல்லோரும் ஒரே நொடியில் அமைதியாகிவிட்டார்கள். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அண்ணனிடம் போய், அவர் முகத்துக்கு முன்னால் தன் கையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வழியில் ஓட்டிய அண்ணனுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும்.

"தெலுங்குல கள்ளுன்னா கண்ணு தம்பி" என்றார். "ஒனக்குக் கண்ணு இல்லியான்னுதான் கேட்டா. நீ சரியாதான் பதில் சொல்லியிருக்க."

மேஸ்திரி ஓடி வந்து போலீஸ் என்றும் கேஸ் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அவனை ஓர் அதட்டு அதட்டினாள். அண்ணனிடம் எதையோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். லாரியில் அரிசி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவர்களுக்குச் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது. சாப்பிடாமல் மாலைவரை ஜல்லி சுமக்க முடியாது.

எங்கள் அரிசி டப்பாவை முழுதாகக் கவிழ்த்தோம். மூன்று கல் கூட்டி, வேலமரச் சுள்ளி போட்டு, அவர்களுடைய பெரிய பாத்திரம் ஒன்றில் உலை வைத்தோம். நான் தண்ணீர் தூக்கினேன். நெற்றி வீங்கிப்போய் ஒரு கண்ணை மறைத்தது. அண்ணன் புளி கரைத்தார். உப்பு டப்பாவையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தார். இத்தனை நாள் அவர் சமைக்கும்போது அதை நான் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. பெண்கள் வேலமர நிழலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடியையும் எடுத்து வைத்தேன். பதினொரு பேரும் சாப்பிட்டார்கள். மேஸ்திரிகூட ஒரு தட்டு வாங்கிக்கொண்டான். பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை அந்த அம்மாள் வழித்து எங்கள் இருவருக்கும் வைத்தாள்.

டிரம்களை நிமிர்த்தி வைத்துவிட்டு நான் ஸ்டியரிங்கில் ஏறியபோது அவள் கீழே நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். கொஞ்ச தூரம் வந்த பிறகு, என்ன சொன்னாள் என்று அண்ணனைக் கேட்டேன்.

"ஒன்னத்தான் திட்டுனா. அவனுக்குதான் கண்ணு இல்ல, கண்ணு இருக்கற நீ ஏன் மூடிக்கினன்னு கேட்டா."

அதற்கு மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. சேலத்துப் பக்கம் மில்லில் பருத்தியை ஒரு நாள் தாமதமாக இறக்கினோம். காலி லாரியோடு ஆத்தூர் வழியாகத் திரும்பும்போது சொல்லிவிட்டேன்.

"முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணே. நான் சொன்னா நல்லாருக்காது."

"சொல்றேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "இருவத்திரெண்டு வருஷத்துல நான் வூட்ல சேந்தாப்புல பத்து நாளு இருந்ததில்ல தம்பி. அங்க என்னா பண்றதுன்னே எனக்குத் தெரியாது. கொழாத் தண்ணி எப்ப வரும்னு தெரியாது. பக்கத்து வூட்டுக்காரன் பேரு தெரியாது."

நான் வீட்டுக்குப் போய் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தூங்கினேன். என் மகள் இரண்டு தடவை வந்து மூக்கில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம். மூன்றாம் நாள் முதலாளியிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் நாக்பூர். அதே லாரி. "அண்ணனும் நீயுந்தான்" என்றார். அண்ணன் அவரிடம் சொல்லவில்லை.

அன்று மதியமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மணிமுத்தாறு ஓரத்துத் தெரு. அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். நாற்காலி போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணனுக்குக் கண்ணு சரியா தெரியல. ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவர் என்னையே பார்த்தார். "என்னா சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, டிரம்கள், தூக்குச்சட்டிகள். கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிபடவில்லை. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"ரெண்டு வருஷமா வூட்டுக்கு வந்தா டிவி பக்கம் போறதில்ல. என் மொகத்தப் பாத்துப் பேசறதில்ல. ஒரு கல்யாணத்துக்கு கூப்ட்டா வர்றதில்ல. எங்கண்ணன் பையன் எதிர்ல வந்து நின்னா யாருன்னு கேக்கறாரு. வடக்க எங்கியோ இன்னொரு குடும்பம் வெச்சிக்கினாருன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. என் மவகிட்ட கூட சொல்லல. பாவி மனுஷன், கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா என்னாவாம்?"

அண்ணன் வாசலில் வந்து நின்றபோது அவர் கேட்ட முதல் குரல் மனைவியுடையதுதான். நான் மோர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தெருக்கோடிவரை அந்தச் சண்டை கேட்டது.

முதலாளியிடம் போய் நானே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார். "கர்நூல் தாண்டி அவரு ஓட்டறப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்துல இருந்தேன். தூங்கிட்டேன்."

"தெரிஞ்சேதான் வண்டிய குடுத்தியா?"

"ஆமாங்க."

மேஜையில் கிடந்த பில்களை அடுக்க ஆரம்பித்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "போ. சொல்லி அனுப்பறேன்" என்றார். ஒரு மாதம் சொல்லி அனுப்பவில்லை. நான் மறுபடியும் வீட்டில் படுத்துக் கிடந்தேன். மனைவி காரணம் கேட்டபோது லாரி ஒர்க்ஷாப்பில் நிற்கிறது என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் அண்ணனைப் பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவர் மனைவி ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு பக்கம். பஸ்ஸில் அவர் என்னோடு பேசவே இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்திருப்பார், அது நியாயம்தான். வலது கண்ணில் புரை. ஆபரேஷன் செய்து சரி செய்துவிட்டார்கள். இடது கண்ணில் நரம்பே போய்விட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாமாம். இனிமேல் லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும், "வேன் ஓட்டலாமா?" என்று கேட்டார்.

பிறகு முதலாளி ஆள் அனுப்பினார். வேறு ஒரு ஆளோடு நாக்பூருக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் போய் வந்தேன். களைப்பு வந்தால் நிறுத்தித் தூங்கினேன். அதற்காகத் திட்டு வாங்கினேன். மூன்று தடவை வேலை போய் மூன்று தடவை திரும்ப வந்தது. அண்ணனை முதலாளி பீங்கான் கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்தில் மேற்பார்வைக்குப் போட்டிருந்தார். நான் லாரியோடு போய் நின்றால் பெட்டிகளைச் சரிபார்த்துக் கையைக் காட்டுவார், அவ்வளவுதான். என்னோடு பேச்சே இல்லை.

அந்த முதல் வருஷத்திலேயே ஒரு நாள் காலை, மூன்று நாள் ஓட்டிவிட்டு வந்து, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நல்லூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அண்ணனின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, கையில் காய்கறிப் பையோடு வந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க? ஆபரேசன் பண்ணி கட்டு அவுத்தாங்களா, வூட்டுக்கு வந்து வெளிச்சத்துல என்ன நிக்க வெச்சி ஏற எறங்க பாத்தாரு. 'நீ எப்ப இப்பிடி நரச்சிப்போன?'ன்னாரு. நீ லாரிக்குப் போனப்ப நரச்சுதுய்யான்னேன். அதுலேந்து தெனம் சண்டதான். கொழம்புல உப்பு பத்தலங்கறாரு, தாளிச்சது கருகிடிச்சிங்கறாரு. அப்ப நீயே வையின்னு உட்டுட்டேன். இப்ப அவருதான் சமையலு."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பஸ் வந்தது. ஜன்னலோர சீட் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்தது வரை நினைவிருக்கிறது. அவர் தோளைத் தட்டி எழுப்பியபோது என் ஊரைத் தாண்டி இரண்டு ஸ்டாப் வந்திருந்தது. இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் திரும்பி நடந்தேன்.